நான்கு நிமிடப் பெண் பார்ப்பு

சேலத்திலிருந்து தூத்துக்குடிக்கு விமானம் நான்கே நிமிடம் என்றானதிலிருந்து பூங்கோதைக்கு நிம்மதி போயிற்று. முந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்து பெண் பார்த்துவிட்டு, பஜ்ஜி ஆறுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். இன்று மட்டும் மூன்று வீடு.

கடைசியாக வந்த தூத்துக்குடி முத்துவேலின் அம்மா, "ஊருக்குப் போயி சொல்லி அனுப்புதோம்" என்று கிளம்பினாள். டம்ளரைக் கழுவுமுன் பதில் வந்தது. பெண் ரொம்பப் படித்துவிட்டாளாம்.

குடும்பத்திலேயே முதல் பட்டதாரி பூங்கோதை. கோபம் உச்சிக்கு ஏற, கட்டிய பட்டுச்சேலையோடு அடுத்த விமானம் ஏறினாள்.

முத்துவேல் வீட்டில் யாரும் இன்னும் உடைகூட மாற்றவில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ளை பாக்க வந்திருக்கேன். பையனைக் காபி கொண்டாரச் சொல்லுங்க."

"இது என்ன பேச்சும்மா?" என்றாள் அவன் அம்மா. அதற்குள் முத்துவேல் காபித் தட்டோடு தலைகுனிந்து வந்து நின்றான். 

"பாட வருமா?"

"கொஞ்சம் வரும்" என்றான்.

குடித்துவிட்டு எழுந்தாள். "சர்க்கரை கம்மி. ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறேன்."

நான்கு நிமிடமும் சிரித்துக்கொண்டே திரும்பினாள். வாசலிலேயே அவள் அம்மா போனை நீட்டினாள்.

"அந்தப் பையன்டி. உன் பதில் என்னன்னு கேக்கறான்."

"நாலு மாசம் ஆகும்னு சொல்லும்மா."