குடத்துக்கு வந்த செய்தி

நான்கு நாள் கழித்துத் தண்ணீர் லாரி வந்தது. வரிசையில் முதலாவது, அடியில் இணையச் சில்லு பதித்த பிலோமினாவின் பச்சைக் குடம். அதன் வாயில் குழாயை வைத்தும் ஒரு சொட்டு விழவில்லை.

“உன் குடத்தோட இணைய முகவரி பழசுக்கா. நேத்தோட பழசெல்லாம் நிறுத்திட்டாங்க. புதுசு இருந்தாத்தான் குழாய் தொறக்கும்,” என்றான் லாரிக்காரன் ஏழுமலை.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. வீட்டில் காய்ச்சலில் கிடக்கும் மகளுக்குக் கஞ்சி வைக்கக்கூடத் தண்ணீர் இல்லை.

“யாரைக் கேட்டு நிறுத்துனீங்க? எனக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

“மூணு தடவை மெசேஜ் போயிருக்கே.”

“எந்த நம்பருக்கு?”

“உனக்கில்லக்கா. குடத்துக்கு.”

பிலோமினா இரண்டு கைகளையும் குவித்துக் குழாயடியில் நீட்டினாள். அப்போதும் திறக்கவில்லை. கைக்கு முகவரி ஏது?

வரிசையிலிருந்த மற்றக் குடங்களின் முகவரியும் பழசுதான். ஏழுமலை குழாயைச் சுருட்டிக்கொண்டு வண்டியில் ஏறினான். அவள் விடுவிடுவென்று போய், முன்சக்கரத்துக்கு நேராகக் குடத்தை ‘ணங்’கென்று வைத்தாள். பின்னாலேயே மற்றப் பெண்களின் குடங்களும் வந்து நின்றன.

“குடத்த எடுக்கா, வண்டி போவணும்!”

“மெசேஜ் அதுக்குத்தானடா அனுப்புனீங்க? நவுரச் சொல்லியும் அதுக்கே அனுப்பு!” என்றபடி பிலோமினா நடுரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.