வலது பக்கம் காலி

“அந்தப் பொண்ணு கண்டிப்பா எங்கயிருந்தோ டிசைனைச் சுடுது. இன்னைக்குக் கையும் களவுமாப் பிடிக்கிறேன்” என்று செருப்பை மாட்டினான் முனீஸ்வரன்.

அவன் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“பிடி, பிடி. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒனக்கு ஒரு வேலை கிடைக்கலேன்னா, திங்கக்கிழமை மில்லுல ஷிப்டு. சொல்லி வச்சாச்சு.”

பரளச்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் முனீஸ்வரனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

வெப்சைட்டும் ஆப்பும் பார்வைக்கு எப்படி இருக்க வேண்டும் என்று வரைகிற வேலையை, யாரிடமும் போகாமல் தானாகவே கற்றவன் அவன். நல்ல பக்கங்களாகப் பார்த்துப் பார்த்து அப்படியே வரைந்து பழகினான். எழுத்து எவ்வளவு பெருசு, வரிக்கு வரி எவ்வளவு இடைவெளி, எந்த நிறத்துக்கு எந்த நிறம் ஒத்துப்போகும் என்று வீடியோ வீடியோவாகப் படித்தான். புது லேப்டாப் வேறு. அந்த ஸ்க்ரீனில் ஈ உட்கார்ந்தால்கூட அவனுக்கு மனசு தாங்காது.

என்ன பிரயோஜனம்?

இப்படித் தானாகக் கற்கிறவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குரூப் நடத்துகிறார் சௌந்தரபாண்டியன் சார். சென்னையில் கம்பெனி வைத்திருக்கிறவர். அவர் வாயில் வருகிற ஒரே பெயர், பரளச்சி துர்காதேவி. ப்ளஸ் டூவோடு நின்றவள்.

அவள் எதை வரைந்தாலும் வலது பக்கம் மூன்றில் ஒரு பங்கு சும்மா கிடக்கும். மருந்துக்கு ஒரு புள்ளி இருக்காது.

சார் உருகிவிடுவார். “காலியிடத்தைப் பார்த்துப் பயப்படாதவர்தான் கலைஞர். துர்காவிடம் கற்றுக்கொள்ளுங்கள்!”

குரூப்பில் ஒருவருக்குத் தன் கம்பெனியில் வேலை என்றும் சொல்லிவிட்டார். அப்புறம் சும்மா இருப்பானா முனீஸ்வரன்? நேற்று அனுப்பிய பக்கத்தில் வலது பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டான். கூடவே ஒரு விளக்கம்: “மழைக்கு ஏங்கும் எங்கள் வானம் பார்த்த பூமியின் வெறுமையே என் வலது பக்கம்.”

அந்தப் பூமியில் அவன் கடைசியாக எப்போது கால் வைத்தான் என்பது அவனுக்கே ஞாபகமில்லை.

பரளச்சியில் வீட்டு வாசலில் ஆட்டுக்கு வேப்பங்கொழை கட்டிக்கொண்டிருந்தாள் துர்காதேவியின் அம்மா மாரிக்கனி.

“அருப்புக்கோட்டையில இருந்து வாரேன். முனீஸ்வரன். ஒங்க மக இருக்குற டிசைன் குரூப்புதான்.”

“வாப்பா, உள்ள வா. ஏ துர்கா! யாரு வந்திருக்காகன்னு பாரு.”

துர்காதேவி வந்தாள். முனீஸ்வரன் சுற்றி வளைக்கவில்லை.

“ஏம்மா, நெசத்தைச் சொல்லு. எந்த வெளிநாட்டு வெப்சைட்டுல இருந்து எடுக்குற?”

“வெளிநாடா? எங்க நெட்டு மதுரைக்கே ஒழுங்காப் போகாதுண்ணே.”

“அப்ப அந்தக் காலியிடம்?”

அவள் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள்.

ஸ்க்ரீனில் வலது பக்கம் மூன்றில் ஒரு பங்கு கன்னங்கரேல் என்று கிடந்தது.

“என்னது இது?”

“கெடா மிதிச்சிருச்சுண்ணே. அந்தப் பக்கம் எதை வச்சாலும் எனக்குத் தெரியாது. தெரியாத இடத்துல எதுக்கு வைக்கணும்னு விட்டுருவேன். பெறகு போன்ல பார்த்து ரொப்பலாம்னு போனா, சாரு ‘தொட்டுராதே’ன்னுட்டாரு.”

“ஸ்க்ரீன் போச்சுன்னு அவருகிட்ட சொல்லலையா?”

“மொத நாளே சொன்னேனே! ‘என்ன ஒரு அடக்கம்’னு கும்பிடு போட்டு அனுப்புனாரு.”

வாசலில் அந்தக் கலைமேதை கொழையைக் கடித்துக்கொண்டு நின்றது.

முனீஸ்வரன் மனசு துள்ளியது. சட்டென்று போனை எடுத்து, கறுத்த ஸ்க்ரீனை ஒரு போட்டோ எடுத்தான். ‘நம்ம கலைஞரோட ரகசியம் இதுதான்’ என்று குரூப்பில் டைப் அடித்தான். ஊர் ஏமாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா? உண்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

விரல் அனுப்பப் போன நேரம், சாரின் மெசேஜ் முந்திக்கொண்டது.

“வேலை முனீஸ்வரனுக்கு! இடத்தைக் காலியாக விட்டால் மட்டும் போதாது, ஏன் விட்டோம் என்று சொல்லத் தெரிய வேண்டும். துர்கா இன்னும் ‘ஸ்க்ரீன் போச்சு’ என்றே கூச்சப்படுகிறார். முனீஸின் வலது பக்கத்திலோ நான் ஒரு வறண்ட பூமியையே பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.”

துர்காதேவியும் தன் போனில் அதைப் படித்தாள்.

“நல்லா இருங்கண்ணே” என்றாள். “எனக்குக் கிடைச்சா மொத வேலையா ஸ்க்ரீனை மாத்தணும்னு இருந்தேன். பரவால்ல.”

முனீஸ்வரன் டைப் அடித்ததை அழித்தான். போட்டோவையும் அழித்தான். உண்மைதானே, எங்கே ஓடிவிடப் போகிறது?

“நீங்க அனுப்புன அந்தப் பக்கத்தைப் பெருசாக் காட்டுங்கண்ணே, பார்ப்போம்” என்றாள் துர்காதேவி.

தட்ட முடியவில்லை. பையிலிருந்து புது லேப்டாப்பை எடுத்துத் திறந்து வைத்தான். பளபள ஸ்க்ரீனில், வலது பக்கம் வெறிச்சென்று கிடந்தது அவன் டிசைன்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்த மாரிக்கனி அதை எட்டிப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். நெசமாகவே இரக்கப்பட்டுக் கேட்டாள்:

“அடப் பாவமே! ஒன்னோடதையும் கெடா மிதிச்சிருச்சாப்பா?”