ஏழாம் அறையில் அறுபது

பள்ளிக் கட்டடங்களைச் சோதிக்கும் வேலையில் இன்று ஏழாம் அறையை அளந்தேன். முப்பது பேருக்குக் கட்டிய அறை. பதிவேட்டில் ஐம்பத்தொன்பது பெயர்கள். தலைகளை எண்ணினேன், சரியாக இருந்தது. டீச்சர் பெயர் வாசிக்க, ஒவ்வொரு "உள்ளேன் டீச்சர்" குரலுக்கும் ஒரு கோடு போட்டேன். அறுபது கோடுகள். வேலை முடிந்து படிக்கப் போகும் மாலை வகுப்பிலும் கணக்கில் நான் சுமார்தான் என்பதால் மறுபடி வாசிக்கச் சொன்னேன். மறுபடியும் அறுபது.

"நீங்க தப்பா எண்ணல தம்பி," என்றார் டீச்சர். "போன வருஷம் கூரை பேந்து விழுந்து எங்க வீட்டுச் சின்னவ போனது அந்தக் கடைசி பெஞ்சுலதான்."

மற்ற ஒன்பது பெஞ்சுகளிலும் ஆறு ஆறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் மட்டும் ஐந்து பேர், நடுவே ஓர் ஆள் இடம் விட்டு.

"கொஞ்சம் நகர்ந்து உக்காரலாமே?" என்று கேட்டேன்.

"ஐயோ, அவ இடிப்பா சார்," என்றாள் ஒருத்தி. மற்ற நாலு பேரும் தலையாட்டினார்கள்.

உத்தரத்து விரிசலில் என் விரல் நுழைந்தது. படிவத்தில் 'அறையை இடிக்க வேண்டும்' என்று எழுதினேன்.

டீச்சர் எட்டிப் பார்த்தார். "இடிச்சிட்டா அவ எங்க போவா?"

'புது அறைக்கு மாற்ற வேண்டியவர்கள்' என்ற கட்டத்தில் அறுபது என்று எழுதினேன். எந்த எண்ணையும் மூன்று முறை சரிபார்ப்பது என் வழக்கம். இதை மட்டும் சரிபார்க்கவில்லை.