சுருங்காத கண்மணி

தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும், என் மனைவி ரோஸ்லின் என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பாள். கூட்டாளிகளோடு ஜாலிக்காகப் போட ஆரம்பித்த வலி மாத்திரையை நான் விட்டுவிட்டேனா என்று தெரிந்துகொள்ள நர்ஸ் சொல்லிக்கொடுத்த வழி. வெளிச்சம் பட்டதும் கண்மணி சுருங்க வேண்டும். வெளிச்சம் படும் முன்பே கடுகளவாகி அசையாமல் நின்றால் மாத்திரை உள்ளே போயிருக்கிறது. ஐந்து மாதமாக, சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கும் மாடுபோல முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இன்று ஒன்று போட்டிருந்தேன். ரோஸ்லின் தண்ணீர் பிடிக்கப் போகும் நேரம் பார்த்து வீட்டுக்குள் நுழைந்தேன், அவள் வருவதற்குள் தூங்கிவிடலாம் என்று. உள்ளே என் மகள் ஜெனிலா பொம்மையின் கண்ணில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அசையவே மாட்டேங்குது," என்றாள் அதனிடம், அம்மாவின் குரலிலேயே. "புள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணுனீங்களே?"

பொம்மையைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்காரவைத்தாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா குழாயடியில நிக்கிது. இன்னிக்கி நான் பாக்கட்டா?"

அவள் கை என் முகத்துக்கு எட்டவில்லை.

"குனிங்கப்பா."