டிம்மா எரியுது

"கரண்ட் இருக்கா, இல்லையா? அத மொதல்ல சொல்லுங்க."

"இருக்கு சார். ஆனா டிம்மா எரியுது. மெஷின் கத்துது."

"இருக்குல்ல, அப்பறம் என்னம்மா?"

மின்வாரிய ஆபீஸில் போனை வைத்துவிட்டார்கள். வினோதினிக்கு அழுகை முட்டியது. நுரையீரல் கெட்டுப் படுத்திருக்கும் கணவன் இளவரசுவுக்கு அந்த ஆக்சிஜன் மெஷின்தான் மூச்சு. வோல்டேஜ் இறங்கினால் அது பீப் பீப் என்று கத்தத் தொடங்கிவிடும். சிதம்பரம் வெயில் ஏற ஏற, அது கத்தாத சாயங்காலமே இல்லை.

அடுத்த வீட்டுத் தங்கராசு மாமாதான் தெய்வம் மாதிரி வந்தார்.

"டிம்முன்னா எவன் எழுதிப்பான்? வோல்டேஜ் ட்ராப்புன்னு சொல்லணும். ஒரு உயிரு ஊசலாடுதுன்னு சொல்லணும். நான் பேசறேன் பாரு."

அவர் போட்ட சத்தத்தில் மறுநாளே லைன்மேன் வந்தார். கம்பத்தில் ஏறிப் பார்த்தார். மாமா வீட்டுக்குள் போய் ஏதோ பேசிவிட்டுக் கிளம்பினார்.

"என்ன மாமா சொன்னாரு?"

"லோடு ஜாஸ்தியாம். நீ கவலப்படாத, நான் பாத்துக்கறேன்."

பெத்த அப்பன்கூட இவ்வளவு செய்யமாட்டார் என்று வினோதினி கையெடுத்துக் கும்பிட்டாள்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் மறுபடியும் மெஷின் கத்தியது. இளவரசு மூச்சுக்குத் தவிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் மாமா வீட்டுக்கு ஓடினாள்.

அங்கே மாமாவின் மகளைப் பெண் பார்க்க மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வீடு பளிச்சென்று இருந்தது. ஏசி ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, அவருக்கு மூச்சு வாங்குது!"

தங்கராசு உடனே போனை எடுத்தார். "சார், வோல்டேஜ் ட்ராப்பு. பக்கத்து வூட்ல ஒரு உயிரு சார். மனசாட்சி வேணாமா?"

வந்தவர்கள் அவரை மரியாதையோடு பார்த்தார்கள்.

"தெருவே டிம்மா கெடக்கு, ஒங்க வூட்ல மட்டும் எப்படி ஏசி ஓடுது?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

மாமாவின் மனைவி புஷ்பவள்ளிக்குப் பெருமை தாங்கவில்லை. சுவரிலிருந்த பெரிய சுவிட்சைக் காட்டினாள். "நமக்கு மூணு ஃபேஸுங்க, மூணு லைன் வருது. எங்க லைன் டிம்மாச்சுன்னா இத இப்பிடித் திருப்பிடுவோம். இதோ, இந்தப் பொண்ணு வூட்டு லைன்ல ஓடும்."

சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் கத்திக்கொண்டே இருந்தது. வினோதினியின் கை சுவிட்சை நோக்கி நீண்டது.

தங்கராசு போனைப் பொத்திக்கொண்டு குறுக்கே வந்து நின்றார்.

"ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்கம்மா," என்றார் மெதுவாக. "இவுங்க கௌம்பிடட்டும்."