வரைபடத்தில் விழாத புள்ளி

அடுக்களை ஜன்னல் வழியே நெப்ராஸ்காவின் சாயங்கால வெயில் மேசைமேல் சரிந்து கிடக்கிறது. கொட்டகையில் கூகை குடியிருக்கும் மூலையில், எலித்தோலும் எலும்புமாய்ச் சேர்ந்த குப்பையிலிருந்து எடுத்துவந்த தோல் வண்டை வெர்னா உள்ளங்கையில் வைத்து, நனைத்த தூரிகையால் மெல்லத் துலக்குகிறாள். அப்பியிருக்கும் மண் போனால்தான் அது எந்த இனம் என்று சொல்ல முடியும். காலை மடக்கிக்கொண்டு வண்டு செத்ததுபோல் கிடக்கிறது. மண் கரையக் கரைய, முதுகில் முடிக்கொத்துகள் மணிமணியாய் வரிசைகட்டுகின்றன. அவள் தேடிக்கொண்டிருந்த அதே இனம்தான். இந்த இனம் கிடைத்த இடங்களைக் காட்டும் வரைபடத்தில் சுற்றியுள்ள எல்லா மாவட்டங்களிலும் புள்ளி வைத்தாயிற்று; அவளுடைய மாவட்டம் மட்டும் பல வருஷமாய் வெறுமையாக இருக்கிறது. வண்டைக் கொன்று ஊசியில் குத்திச் சான்றாக வைத்தால் அங்கும் புள்ளி விழும். அதை முக்கிக் கொல்ல ஸ்பிரிட் குப்பி திறந்தே இருக்கிறது. அப்போது வண்டு கிறீச்சிடுகிறது; அவள் தூரிகை நின்றுவிடுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் கணவன் ஆர்ரினுக்குக் காது கேட்டு வெகுகாலமாயிற்று. அவள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வான். “என்னவாம் அதுக்கு?” “கத்துது. உன்னை மாதிரிதான், குளிப்பாட்டினா பிடிக்கல.” “எங்க, இப்படிக் குடு.” இரண்டு விரல்களுக்கிடையே வண்டைப் பிடிக்கிறான். அது மறுபடி கத்துகிறது. அந்தச் சின்ன அதிர்வு அவன் விரலில் ஏறுகிறது. முகம் மெல்ல மலர்கிறது. “வெர்னா, எனக்குக் கேக்குதுடி.” அவள் குப்பியை மூடிவிடுகிறாள்.