சுழலும்போது ஒரு குனிவு

கும்மிடிப்பூண்டி கல்யாண மண்டபத்தில், காலை வெயில் நீலப் பாயின்மேல் சரிந்து கிடக்கிறது. எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் குங்ஃபூ அடிவரிசைப் போட்டி. நடுவர் எபினேசரின் முன்னால் நின்று செய்துகாட்டுகிறவள் அவர் மனைவி ஜெபாதான். வெளியே சரக்கு ரயில் கடகடக்கிறது. அவள் கண் இமைக்கவில்லை. குத்தும் தடுப்பும் உதையும் காற்றை அறைகின்றன. ஆனால் சுழன்று திரும்புகிற இடத்தில் மட்டும் சட்டென்று தலையைக் குனிந்துகொள்கிறாள். அடுத்த சுழற்சியிலும் அதே குனிவு. “இன்னா சார் அது? எந்த ஸ்டைல்லயும் இல்லியே!” என்று பக்கத்து நடுவர் சஹாபுதீன் காதைக் கடிக்கிறார். எபினேசருக்குத் தெரியும். மணவாள நகர் வீட்டு மொட்டைமாடியில், அவள் தினமும் பழகுகிற இடத்துக்குக் குறுக்கே துணி காயப்போடும் கொடிக்கயிறு ஓடுகிறது. கட்டியவர் அவரே. இங்கே கயிறு இல்லை என்பது அவள் கழுத்துக்குத்தான் இன்னும் தெரியவில்லை. ஜெபா உள்ளங்கையில் முஷ்டியைப் பதித்து வணங்கி நிற்கிறாள். பொங்கி வரும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, மற்ற நடுவர்களைவிட அரை மதிப்பெண் குறைவான அட்டையைத் தூக்குகிறார் எபினேசர். தங்கம் வெள்ளியாகிறது. வியர்வை சொட்ட மேசையைத் தாண்டுகிறவள், அவர் பக்கம் மட்டும் லேசாகச் சாய்கிறாள்: “கொடிய கட்னதும் நீ, மார்க்க கொறைக்கிறதும் நீயா? ஊட்டுக்கு வா, வச்சிக்கிறேன்.”